ஒரு வாய்ப் புல்

காலையில் அடுப்படி ஜன்னலைத் திறந்தபோது முன்வாசல் முழுக்க ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்தது போல ஒரு புளித்த நெடி. எட்டிப் பார்த்தேன். இவர் முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு புல்தரையில் வரிசை பிடித்து நடந்துகொண்டிருந்தார். ஒரு கை பம்ப்பை அடிக்க, மறு கை குழாயை இடமும் வலமும் வீச, கால்கள் ஒரே சீராக முன்னேறின. ஓய்வு பெற்றபின் இந்த மனிதர் சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போட்டதில்லை. முதுகில் அந்த டப்பா ஏறிவிட்டால் மட்டும் பட்டாளத்துக்காரர் ஆகிவிடுவார். டப்பாவில் இருந்தது வினிகர். சமையலுக்கும் குளியலறைக் கறைக்கும் நான் வாங்கி வைத்திருந்தது போதாதென்று மொத்தக் கடையிலிருந்து கேன் கேனாக இறக்கியிருந்தார். இனி இந்த வீட்டில் எல்லாம் இயற்கை முறைதான் என்று வாசலில் பலகை ஒன்றுதான் மாட்டவில்லை.

சிரிப்பு வந்தது எனக்கு. நல்ல சிரிப்பு இல்லை. இவர் முப்பது வருடம் களைக்கொல்லி விற்றவர். கம்பெனியில் கடைகடையாக ஏறி இறங்கும் ஆளாகச் சேர்ந்து, ஒரு பெரிய பகுதிக்கே விற்பனை மேலாளராகி, கடைசி நாளில் ஒரு கைக்கடிகாரமும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேடயமும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவர். எங்கள் சோறு, இந்த வீடு, மகளின் படிப்பு எல்லாமே செடியைக் கொல்கிற தண்ணீரில் வந்தவைதான். அதற்காக நான் வெட்கப்பட்டதும் இல்லை, பெருமைப்பட்டதும் இல்லை. அவர் சட்டைகளைத் தனி வாளியில் ஊறவைத்துத் துவைப்பேன், அவ்வளவுதான். எனக்கு இளக்காரம் வந்தது அவர் விற்ற பொருளின் மேல் அல்ல, விற்ற விதத்தின் மேல்.

விவசாயிகளைக் கூட்டி வைத்துப் பேசும்போது இவருக்கென்று ஒரு வித்தை உண்டு. மருந்தைக் கலக்கிய வாளியில் முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவார். அப்புறம் மருந்து அடித்த வயலில் இறங்கி, பயிரில் ஒரு இலையைக் கிள்ளி, எல்லோரும் பார்க்க வாயில் போட்டு மெல்லுவார். "பாத்துக்குங்க, நான் உயிரோடதான் இருக்கேன்" என்பார். கூட்டம் சிரிக்கும், விற்பனை நடக்கும். வீட்டுக்கு வந்ததும் நேரே கொல்லைப்பக்கம் போய்க் குழாயடியில் குனிந்து உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பார், தொண்டை கரகரக்கும் வரை. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே இன்றைக்கு நல்ல வியாபாரம் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு விடுமுறையில் அவளையும் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். மகளுக்கு அப்பாவின் மரியாதையைக் காட்ட வேண்டுமாம். அவள் அங்கே மெல்லுவதையும் பார்த்தாள், சாயங்காலம் வீட்டில் கொப்பளிப்பதையும் பார்த்தாள். சின்னப் பெண்தான், ஆனால் கணக்குப் போடத் தெரிந்தவள். கொஞ்ச நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். கம்பெனி உரமும் விற்கிறது, விதையும் விற்கிறது, அதையெல்லாம் அப்பா தின்று காட்டுவதே இல்லை, கவனித்தாயா என்று கேட்டாள். அதிலிருந்து எங்கள் இருவருக்கும் அது ஒரு கேலிப் பேச்சு ஆகிவிட்டது. வீட்டில் பால் திரிந்ததோ இல்லையோ என்று சந்தேகம் வந்தால் இவர்தான் முதலில் ஒரு மிடறு குடித்து "நல்லாத்தானே இருக்கு" என்பார். உடனே மகள் என்னைப் பார்ப்பாள், நான் பாலைத் தொட்டியில் ஊற்றிவிடுவேன். அப்பா எதைத் தின்று காட்டுகிறாரோ அதைத் தொடாதே என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். அவருக்கு மட்டும் அது தெரியாது.

கேலி கேலியாகவே இருந்திருக்கலாம். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பருவம் மாறினால் போதும், ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடியே தூங்குவாள். எந்த டாக்டரும் இன்னதால் வந்தது என்று சொன்னதில்லை. பரம்பரையாக இருக்கும் என்றார்கள், தூசியாக இருக்கும் என்றார்கள். அவள் மட்டும் முடிவுக்கு வந்துவிட்டாள். முன்வாசல் புல்தரையில் இவர் மாதம் தவறாமல் கம்பெனி கொடுக்கிற சாம்பிள் குப்பிகளை அடித்துக்கொண்டிருந்தார். தெருவிலேயே எங்கள் புல்தரைதான் பேர் பெற்றது. சீப்பு போட்டு வாரியது மாதிரி இருக்கும், ஒரு களை தலையெடுக்காது, ஒரு வண்ணத்துப்பூச்சியும் இறங்காது. அவள் குழந்தை பெற்றபோது சொல்லிவிட்டாள், அந்தத் தரையில் மருந்து அடிக்கிறவரைக்கும் குழந்தையைக் கொண்டுவர மாட்டேன் என்று. கத்தவில்லை, அழவில்லை. டாக்டர் சீட்டில் எழுதுவது போலச் சொன்னாள்.

ஆகவே பேத்தியைப் பார்க்க நாங்கள்தான் போனோம். மகளின் குடியிருப்பில் இவருக்கென்று சட்டதிட்டங்கள் இருந்தன. வந்ததும் குளிக்க வேண்டும், அங்கே வைத்திருக்கிற உடுப்பை மாட்டிக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் குழந்தை. பகுதி முழுவதையும் ஆட்டிவைத்த மேலாளர், மாப்பிள்ளையின் தொளதொளத்த கால்சட்டையில் சோபா நுனியில் பல் டாக்டருக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருப்பார். பேத்தி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவள் வேலை, கிடைப்பதையெல்லாம் வாயில் போடுவது. மூடி, பொத்தான், செருப்பின் வார், செய்தித்தாள் துண்டு. மகள் எங்கிருந்தாலும் வந்து குழந்தையின் மோவாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டி "துப்பு" என்பாள். குழந்தை கொஞ்சம் யோசித்துவிட்டுத் துப்பும். நாளெல்லாம் இதே கூத்து. பேத்தி பேச ஆரம்பித்தபோது அம்மாவுக்கு அடுத்து அவள் வாயில் வந்த சொல்லே அதுதான். பொம்மையின் வாய்க்குக் கீழும் கையை நீட்டித் "துப்பு" என்பாள்.

அப்படி ஒரு தடவை போய்விட்டு வந்த மறுநாள் இவர் கொட்டகையைத் திறந்து, அங்கே இருந்த குப்பி டப்பா எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, நகராட்சி ஆபத்தான கழிவுகளை வாங்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். காலியான கொட்டகை முன்னால் நின்று "குட்டி நம்ம புல்லுல வெறுங்காலோட நடக்கணும்" என்றார், அவ்வளவுதான். அதைக் கேட்டு நான் உருகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. முப்பது வருடத்துத் துணியை அலசிய கை இவ்வளவு சுலபமாக உருகுமா? பெண் சொல்லிக் கேட்காதவர், பெண்டாட்டி சொல்லிக் கேட்காதவர், ஒரு சின்னது திரும்பிப் பார்க்கவில்லை என்றதும் திருந்திவிட்டாராம். சரி, நடக்கட்டும் என்று உள்ளே போய்விட்டேன்.

திருந்துகிறவருக்கு ஒரு குரு வேண்டுமே, அவரும் தெருக்கோடியிலேயே கிடைத்தார். வங்கியில் லாக்கர் அறைச் சாவியைக் காத்தே ஓய்வு பெற்றவர். வீட்டில் புல்தரை என்று சொல்லிக்கொள்ள கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு போர்வை அகலத்துக்கு ஏதோ இருக்கும். ஆனால் பேச்சு மட்டும் ஏக்கர் கணக்கில். எங்கே ஆரம்பித்தாலும் மண்புழுவில்தான் வந்து முடிப்பார், அதனால் நான் அவருக்கு மண்புழு என்றே பேர் வைத்துவிட்டேன். மண்ணுக்கு உயிர் இருக்கிறதம்மா என்று என்னைப் பார்த்துச் சொல்லுவார், நான்தான் அதன் கழுத்தை நெரித்துவிட்டு நிற்கிறேன் என்பது போல. ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் அவர் தலைமையில் ஒரு கூட்டம் கூடும். டீயைக் காகிதக் குவளையில் குடித்துவிட்டு, பூமியைக் காப்பாற்றுவது பற்றிப் பேசிவிட்டு, குவளைகளை பெஞ்சுக்கு அடியிலேயே விட்டுவிட்டு வருவார்கள்.

ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, மனுஷர் சொன்ன முறையில் தப்பில்லை. புல்லை ஒட்ட வெட்டாதே, கொஞ்சம் உயரமாகவே விடு, அப்போது களைக்கு வெயில் கிடைக்காது. வெட்டிய புல்லை அள்ளாதே, அங்கேயே மக்கட்டும். மக்கிய எருவைச் சலித்துத் தூவு. களையை மழை விட்ட ஈரத்தில் கையால் பிடுங்கு. கல் இடுக்கில் கை நுழையாத இடத்தில் மட்டும் கொஞ்சம் வினிகர் விடு. அப்புறம் பொறு, ஒரு வருடமாவது பொறு. இவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பொறு என்பது மட்டும் காதில் ஏறவில்லை. ஆரம்பத்தில் ஒரு மாதிரி அடங்கித்தான் இருந்தார். குனிந்து களை பிடுங்கினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாள் போகப்போகத் தரையில் கோரை கிளம்பிவிட்டது. மேலே பிடுங்கினால் அடியில் கிழங்கு சிரிக்கும், நாலு நாளில் இன்னும் இரண்டு கூட்டாளிகளோடு வந்து நிற்கும். அதைப் பார்க்கப் பார்க்க இவருக்குக் கை துறுதுறுத்தது.

அதுதான் அன்றைக்கு முதுகில் ஏறிய ஸ்பிரேயர். வினிகரைக் கல் இடுக்கில் விடச் சொன்னால் இந்த மனிதர் தரை முழுக்க அடித்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். கேட்டபோது அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்க்க வேண்டுமே. களைமேல மட்டும்தானே வேலை செய்யும் என்றார். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை, அப்புறம் புரிந்தது. முப்பது வருடம் இவர் விற்றதே அந்த மாதிரி மருந்துதான், பயிரை விட்டுவிட்டுக் களையை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்கிற மருந்து. அந்த வித்தையைச் சொல்லிச் சொல்லியே சம்பாதித்தவருக்கு, பாட்டிலில் வருகிற எல்லாத் தண்ணீருக்கும் ஆள் அடையாளம் தெரியும் என்று எங்கோ மனதில் பதிந்துவிட்டது. சமையலறையில் கிடக்கிற வினிகருக்கு என்ன தெரியும்? போதாததற்கு மூன்று பங்கு கூடுதலாக வேறு அடித்திருந்தார், சீக்கிரம் பலன் தெரியட்டும் என்று.

பலன் மத்தியானமே தெரிந்தது. வெயில் ஏறியதும் புல்தரை முழுக்கச் சுருண்டு, சாயங்காலத்துக்குள் பழைய துடைப்பத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. இவர் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மறுவாரம் அந்தக் காய்ந்த பரப்பில் முதல் பச்சை தெரிந்தது. கோரை. கிழங்குக்கு ஒன்றும் ஆகவில்லை, போட்டிக்கு இருந்த புல்லைத்தான் இவர் ஒழித்துக் கொடுத்திருந்தார். மண்புழு வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கி, மண் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது என்று ஒரு விளக்கம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பேரையும் ஒரே குழியில் வைத்து மண்ணைத் தள்ளினால் அந்த மண்புழுக்களாவது பிழைக்கும் என்று தோன்றியது.

இது இப்படி இருக்க, இன்னொரு பக்கம் இவர் தினமும் மகளிடம் போனில் அளந்துகொண்டிருந்தார். மருந்து நிறுத்தியாச்சு, மண் நன்றாக வருகிறது, புழு தெரிகிறது என்றெல்லாம். துடைப்ப நிறத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மகள் முதலில் உம் கொட்டினாள், அப்புறம் கேள்வி கேட்டாள், அப்புறம் ஒருநாள் வருகிற ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டாள். குட்டிக்கு வெறுங்காலோடு புல்லில் நடக்க வேண்டுமாம், வாங்கிக் கொடுத்த படப்புத்தகத்தில் ஒரு முயல் அப்படி நடக்கிறதாம். போனை வைத்துவிட்டு இவர் என் முகத்தைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். காய்ந்து கிடக்கிறது, வினிகர் அடித்துக் கெடுத்துவிட்டேன் என்று சொன்னால் அவள் சிரித்துவிட்டு வருவாள், சிமென்ட் வாசலில் நடக்கட்டும் குழந்தை என்றேன். அதில்தான் எனக்கு அவர்மேல் கடைசி நம்பிக்கை இருந்தது. அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். தோற்றுப்போன தரையை மகளுக்குக் காட்டுவதை விட நாக்கைப் பிடுங்கிக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு நர்சரி லாரி வந்து வாசலில் நின்றது. பாய் மாதிரிச் சுருட்டிய புல், அடியில் ஒரு விரல் கனத்துக்கு மண்ணோடு. இவர் கடப்பாரையோடு முந்தின நாள் முழுக்கத் தரையைக் கொத்தியது இதற்குத்தானா என்று அப்போதுதான் விளங்கியது. கொத்திய மண்ணில் மிஞ்சிய கோரைக் கிழங்கின் மேலேயே விரித்தார்கள். மத்தியானத்துக்குள் பழைய புல்தரை திரும்ப வந்துவிட்டது, இன்னும் அழகாக, ஒரு பிசிறு இல்லாமல். இவர் உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் லாரி டிரைவர் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறபோக்கில் சொன்னான்.

"நேத்து சாயங்காலந்தான் இதுக்கு மருந்து அடிச்சாங்க. ஒரு வாரம் நாய், குழந்தை எதையும் இறக்காதீங்க. ஐயாகிட்டயும் சொல்லிட்டேன்."

ஐயாவிடமும் சொல்லிவிட்டானாம். கை துடைத்துக்கொண்டு வந்த ஐயாவிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் நாலு தடவை தண்ணீர் விட்டால் கழுவிக்கொண்டு போய்விடும், அவனுக்கு என்ன தெரியும் என்றார். மழை பெய்தாலும் கழுவிக்கொண்டு போகாது என்று சொல்லித்தானே முப்பது வருடம் விற்றீர்கள் என்று கேட்டேன். கேட்காதவர் போலக் குழாயைத் திறந்துவிட்டார். அன்றும் மறுநாளும் விடாமல் தண்ணீர் விட்டார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க ஒரு அருவருப்பு. விஷத்தை விற்றபோதுகூட இவரை நான் இவ்வளவு கீழாக நினைத்ததில்லை. அப்போது ஊரார் வயல், இப்போது சொந்தப் பேத்தியின் கால்.

சனிக்கிழமை மண்புழு வேறு வந்து சேர்ந்தார். பச்சையைப் பார்த்ததும் மனுஷருக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. நான் சொன்னேன் இல்லையா, மண் தானே மீண்டுவிடும் என்று, பார்த்தீர்களா என்று இவர் தோளைத் தட்டினார். பத்து நாளில் துடைப்பம் எப்படிக் கம்பளம் ஆகும் என்று கேட்கிற மூளை அந்தத் தலையில் இல்லை. பாய்க்கும் பாய்க்கும் நடுவில் கோடு தெரிகிறது, அதன் மேலேயே காலை வைத்துக்கொண்டு நிற்கிறார். போனை எடுத்துப் பல கோணத்தில் படம் பிடித்துத் தன் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இவர் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு பக்கத்தில் நின்று படத்துக்கு முகம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நான் மகளுக்குப் போன் போட்டேன். சொல்லிவிடுவது என்றுதான் போட்டேன். அவள் எடுத்ததும் பின்னால் குழந்தையின் சத்தம். தன் செருப்புகளைத் தானே பையில் வைக்கிறாளாம், தாத்தா வீட்டில் செருப்பு வேண்டாம், பையில் இருக்கட்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். மகள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அப்பா இவ்வளவு மாறுவார் என்று நினைக்கவில்லை அம்மா என்றாள். வரும்போது குழந்தைக்குத் தொப்பி எடுத்துக்கொண்டு வா, வெயில் அடிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நான் வைத்துவிட்டேன். குழந்தையை எப்படியாவது வீட்டுக்குள் கூட்டிப்போய் ஹாலில் விளையாட வைத்துவிடலாம் என்று எனக்கு நானே ஒரு திட்டம் சொல்லிக்கொண்டேன். இவரைச் சொல்லிவிட்டு நான் மட்டும் என்ன கிழித்தேன்? எனக்கும் அந்தக் குழந்தை இந்த வாசலில் ஏற வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றபோது ஹாலில் ஜமுக்காளம் விரித்து, பொம்மையெல்லாம் பரப்பி, கதவையும் முக்கால்வாசி சாத்தி வைத்திருந்தேன். இவர் எனக்கு முன்னால் போய்க் கதவை அகலத் திறந்துவிட்டார். சலவைச் சட்டை, சவரம் செய்த முகம், கையில் அந்தப் பிரிவுபசாரக் கடிகாரம். மாப்பிள்ளை வண்டியின் பின்பக்கம் பைகளை எடுத்துக்கொண்டிருந்தார். மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டைத் தள்ளி உள்ளே வந்து, புல்தரையின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். வெயிலில் அது பளபளவென்று கிடந்தது. குழந்தை அதைப் பார்த்ததும் இறங்கத் துள்ளியது. ஒரு காலின் செருப்பு ஏற்கெனவே கழன்று மகளின் கையில் இருந்தது.

வாசற்படியிலிருந்து நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம்தான் இருந்தது, ஆனால் அதன் அடியில் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்திருந்தது. இவ்வளவு சீராக இருக்கிறதே என்று அவள் யோசிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"அப்பா, நிஜமாவே ஒண்ணும் அடிக்கலையே?"

"நான் ஒண்ணும் அடிக்கலைம்மா."

பொய்யில்லை. அவர் அடிக்கவில்லை. இந்த மாதிரிப் பொய்யில்லாத பேச்சில்தான் அவர் மேலாளர் ஆனார். குழந்தை இரண்டு கையையும் கீழே நீட்டித் தொங்கியது. மகள் குனிந்து இன்னொரு செருப்பின் வாரைத் தொட்டாள், தொட்டவள் அவிழ்க்காமல் நின்றாள். என் தொண்டை வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. இறக்காதே, மருந்து அடித்த புல், உள்ளே வா. சொல்லியிருப்பேன் என்று இப்போது சொல்வது சுலபம். வாயைத் திறந்தேன் என்பது மட்டும் நிச்சயம்.

அதற்குள் இவர் படியிறங்கிவிட்டார். மகள் தயங்குவதை அவரும் பார்த்திருக்கிறார். தயங்குகிற ஆளைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருடைய உடம்புக்குத் தெரியும், அதற்கு அவருடைய அனுமதிகூடத் தேவையில்லை. புல்தரையின் நடுவுக்குப் போனார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஒரு கொத்துப் புல்லைக் கிள்ளினார். நிமிர்ந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரிக் கையை ஒரு கணம் உயர்த்திப் பிடித்து, வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார்.

"பாத்தியா" என்றார், வாய் நிறையப் புல்லோடு. "நல்லாத்தானே இருக்கு."

மகள் என்னைப் பார்த்தாள். பால் திரிந்த காலைகளில் பார்ப்பாளே, அதே பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது போதும் அவளுக்கு. குனிந்து குழந்தையின் வெறுங்காலில் செருப்பை மாட்டினாள், வாரை இறுக்கினாள். காருக்குத் திரும்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கேட் பக்கம் பைகளோடு வந்துகொண்டிருந்த மாப்பிள்ளையும் அவள் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். இவர் மட்டும் மென்றுகொண்டிருந்தார். தாடை மெதுவாகிவிட்டது, ஆனால் நிற்கவில்லை. வித்தையை எந்த இடத்தில் முடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் கூட்டம் சிரிக்கும், அதற்குள் முடித்துக்கொள்ளலாம். இங்கே யாரும் சிரிக்கவில்லை. விழுங்கவும் முடியாமல் வெளியே எடுக்கவும் முடியாமல் ஒரு கன்னம் மட்டும் புடைத்து நின்றது. எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் அத்தனையும் அப்படியே இருந்தது, ஒரு துளி குறையவில்லை. இருந்தும் அந்தக் கன்னத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மகள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு செருப்புக் காலோடு புல்மேல் நடந்தாள். புது மண் அவள் காலடியில் அமுங்கி அமுங்கி எழுந்தது. அவருக்கு நேர் எதிரே போய் நின்றாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று அவர் முகத்தைத் தயார் செய்துகொண்டார். அவளோ உள்ளங்கையை விரித்து அவருடைய மோவாய்க்குக் கீழே நீட்டினாள்.

"துப்புங்கப்பா."

அவர் அவளைப் பார்த்தார். வாய் மூடியே இருந்தது. உதட்டோரத்தில் ஒரு புல் நுனி பச்சையாக நீட்டிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்த குழந்தை அம்மாவின் கையைப் பார்த்தது, தாத்தாவின் வாயைப் பார்த்தது, பிறகு சரிந்து எட்டி, தன் சின்ன உள்ளங்கையையும் அம்மாவின் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நீட்டியது.

"துப்பு" என்றது.